மஞ்சள் சீக்கோ 6139: ஜப்பான் ஏலமா, அமெரிக்க இழுப்பறையா, கடைக்காரரா?

சீக்கோ 6139 குடும்பத்தில் மஞ்சள் டயல் வாட்ச் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்க நினைக்கிற யாரும் முதலில் பார்ப்பது விலையைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்றரை வருடம் தேடி, நடுவில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு கேள்வியையே மாற்றிக்கொண்டேன்: வாங்கிய வாட்ச் சரியில்லை என்று தெரிந்தால் யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவேன்? ஜப்பான் ஏலம், அமெரிக்க வீட்டுக்காரர்கள், பழைய வாட்ச் கடைக்காரர், ஆசியாவில் புதுப்பித்து விற்பவர்கள், இந்த நாலு வழியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் இப்போது பார்க்கிறேன்.

முதலில் வாட்சைப் பற்றி. மஞ்சளில் பொன் மினுக்கும் டயல், சிவப்பும் நீலமுமாக வெளி வளையம், ஆறு மணி இடத்தில் முப்பது நிமிடம் எண்ணுகிற ஒரே ஒரு சின்ன வட்டம். சேகரிப்பவர்கள் இதைப் ‘போக்’ என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கே தேடுவது என்பதற்கான துப்பும் அதில்தான் இருக்கிறது. வில்லியம் போக் என்ற அமெரிக்க விண்வெளி வீரர் 1972இல் ஹூஸ்டன் பக்கத்தில் எலிங்டன் விமானப்படைத் தளத்துக் கடையில், நம் ஊர் மிலிட்டரி கேன்டீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 71 டாலர் கொடுத்து இதை வாங்கினார். பயிற்சியின்போது என்ஜின் எத்தனை நொடி எரிகிறது என்று இதை வைத்தே பார்த்துப் பழகியவர், 1973 நவம்பர் 16 அன்று ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்கு ஸ்கைலேப் 4 பயணம் கிளம்பியபோது உடையின் பாக்கெட்டில் போட்டு மேலே எடுத்துப் போய்விட்டார். 84 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு 1974 பிப்ரவரி 8 அன்று அவரோடு திரும்பி வந்தது. விண்வெளிக்குப் போன முதல் தானியங்கி குரோனோகிராஃப், அதாவது கையசைவிலேயே ஓடுகிற, ஸ்டாப்வாட்சும் உள்ள வாட்ச், என்ற பெயர் இதற்கு. 2008இல் போக்கின் அந்த வாட்சே ஏலத்துக்கு வந்து 5,975 டாலருக்குப் போனது.

துப்பு எங்கே என்றால், ராணுவத் தளத்துக் கடைகளில். அங்கே வாங்கியவர்கள் அமெரிக்கப் படைவீரர்கள். அவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது, பலர் இல்லை, அவர்களுடைய மேசை இழுப்பறைகளைப் பிள்ளைகள் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். 6139-6005 என்ற மாடல் எண்ணோடு வந்தது பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்குத்தான். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வந்த 6139களில் டயலில் ‘ஸ்பீட் டைமர்’ என்று இருக்கும், கிழமைச் சக்கரத்தில் கான்ஜி என்கிற ஜப்பானிய எழுத்தும் இருக்கும். சீக்கோ ஜப்பான் கம்பெனி, அதனால் ஜப்பானில்தான் நல்லது கிடைக்கும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். இந்த ஒரு மாடலைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை.

இன்னொன்று. இந்த வாட்ச் எண்ணிக்கையில் அரிதானது இல்லை. 1969இல் தானியங்கி குரோனோகிராஃபை முதலில் கொண்டுவந்தது யார் என்று ஜெனித்துக்கும், ஹோயர்–பிரைட்லிங் கூட்டணிக்கும், சீக்கோவுக்கும் நடுவில் இருக்கிற வாக்குவாதம் இன்றைக்கும் ஓயவில்லை, ஆனால் சாமானியன் வாங்குகிற விலையில் அதிகம் செய்து விற்றது சீக்கோதான். அரிதாக இருப்பது பிறந்தபடியே இருக்கிற வாட்ச். ஐம்பது வருடத்தில் பலவற்றுக்கு டயல் மாறியிருக்கிறது, முள் மாறியிருக்கிறது, பாலிஷ் போட்டுப் போட்டு ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. டயல், முள், வெளி வளையம், உள் வளையம் என்று எல்லாவற்றையும் புதிதாகச் செய்து தனித்தனியாக விற்கிறார்கள். அதனால் படத்தில் பளபளவென்று இருக்கிறதே என்று ஆசைப்படுவதுதான் இதில் முதல் ஆபத்து.

அந்த ஆபத்தில் நான் விழுந்திருக்கிறேன். ஆசிய நாடு ஒன்றிலிருந்து, ஊரும் பேரும் வேண்டாம், ‘முழுக்கப் புதுப்பித்தது’ என்று போட்டிருந்த வாட்ச் ஒன்றை நல்ல ‘போக்’ வாட்சுக்குக் கேட்கிற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பார்த்து உடனே வாங்கினேன். பெட்டி வந்த அன்று அவ்வளவு சந்தோஷம். மறுநாள் பாரிமுனையில் நான் வழக்கமாகப் போகிற வாட்ச் பாயிடம் கொடுத்தேன். அவர் மூடியைக் கழற்றவே இல்லை, லென்ஸைக் கண்ணில் மாட்டி டயலை மட்டும் வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். “தம்பி, டயல் புதுசு. முள்ளும் புதுசு. இந்த மஞ்சள் வெளிச்சத்துல நகரவே மாட்டேங்குது பாருங்க” என்றார். அசல் டயல் சூரியக் கதிர் மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்கு மினுங்கும், சாய்க்கச் சாய்க்க நிறம் பொன்னுக்கும் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் நடுவில் ஓடும். என்னுடையது சுவருக்கு அடித்த பெயின்ட் மாதிரி ஒரே மஞ்சள். விற்றவருக்கு எழுதினேன், ‘புதுப்பித்தது என்று சொன்னேனே’ என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்கு மேல் பேச்சு இல்லை. அன்றைக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் முழுக்கப் போகவில்லை. ஆக இந்த வழியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை: தினம் கட்ட ஒரு மஞ்சள் வாட்ச் போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள், சேகரிப்புக்கு என்றால் வேண்டாம்.

அடுத்து ஜப்பான் ஏலம். யாஹூ ஏலத்தில் வருகிற பழைய சீக்கோக்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு வரும். படங்களும் பொதுவாக நேர்மையாக இருக்கும், கீறலையும் துருவையும் தனியாகக் கிட்டத்தில் எடுத்துப் போடுகிற விற்பனையாளர்களை அங்கேதான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் நாம் நேரடியாக ஏலம் கேட்பது சிரமம், ஜென்மார்க்கெட் மாதிரி ஒரு இடைநிலை நிறுவனம் நமக்காகக் கேட்டு, தன் கிடங்குக்கு வரவழைத்து, பிறகு நமக்கு அனுப்பும். அவர்கள் கூலி, ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, அங்கிருந்து இங்கே அனுப்பும் செலவு என்று ஒவ்வொன்றாக ஏறும். நேரமும் ஒரு விஷயம். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவர்கள் இரவு பத்து மணிக்கு ஏலத்தை முடித்தால் நமக்கு மாலை ஆறரை, ஆபீஸிலிருந்து கிளம்புகிற நேரம். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் முடிவு நேரம் தானாக இன்னும் ஐந்து நிமிடம் தள்ளிப்போகிற ஏற்பாடு பல ஏலங்களில் உண்டு, கடைசி நொடியில் போட்டுத் தட்டிவிடலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது.

அங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஜப்பானியச் சொல் ‘ஜங்க்கு’. அப்படிப் போட்டிருந்தால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விற்றவருக்குப் பொறுப்பு இல்லை என்று அர்த்தம். சில நேரம் நல்ல வாட்சையே அப்படிப் போடுவார்கள், தாத்தாவின் வாட்ச், ஓடுகிறதா என்று எங்களுக்குத் தெரியாது என்கிற மாதிரி. அதுதான் ஆசை காட்டும். அதோடு ‘புகார் கிடையாது, திருப்பி எடுத்துக்கொள்வது கிடையாது’ என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். இடைநிலை நிறுவனம் பெட்டி வந்ததா, படத்தில் இருந்த பொருள்தானா என்று பார்க்குமே தவிர மூடியைக் கழற்றி மிஷினைப் பார்க்காது. ஆகவே என் கேள்விக்கு ஜப்பான் ஏலத்தில் பதில்: கதவே இல்லை. படத்தைப் பார்த்தே அசலா மாற்றா என்று சொல்லிவிடுகிற கண்ணும், பழுது என்றால் செலவழிக்க மனமும் இருப்பவர்களுக்கு அது அருமையான இடம். ‘ஸ்பீட் டைமர்’ டயல்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதைவிட நல்ல இடமும் இல்லை. எனக்கு அந்தக் கண் இன்னும் முழுதாக வரவில்லை.

பழைய சீக்கோ மட்டுமே வாங்கி, சர்வீஸ் செய்து விற்கிற கடைக்காரர்கள் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். விலை அதிகம்தான், நான் ஒப்பிட்டுப் பார்த்தவரை வீட்டுக்காரர் விற்பதைவிட ஒன்றரை மடங்குகூடக் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 6139இன் மிஷினில், ஸ்டாப்வாட்சை ஓட்டத்தோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற வெர்டிகல் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறது. குரோனோகிராஃபின் நீள முள் உதறாமல் மென்மையாகக் கிளம்புவது அதனால்தான். பார்க்கச் சின்னதாக, பிரிக்கக் கூடாத ஒரு துண்டாக இருக்கும். மற்ற பாகங்களோடு சேர்த்து அதையும் கழுவி எண்ணெய் போட்டுவிட்டால் பிடிப்புப் போய்விடும், முள் நடுவழியில் தயங்கும். இதை அறிந்து வேலை செய்கிறவர்கள் குறைவு. என் பாயே “இதை நான் தொடமாட்டேன் தம்பி, சீக்கோ ஃபைவ்னா குடுங்க, கண்ணை மூடிட்டுச் செய்வேன்” என்று சொல்லிவிட்டார். அவர் நேர்மைக்கு என் மரியாதை கூடத்தான் செய்தது, ஆனால் சென்னையில் சர்வீஸுக்கு அலைய வேண்டும் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. எனவே சர்வீஸ் செய்த வாட்சுக்கு அதிகம் கொடுப்பது வீண் செலவு ஆகாது. குரோனோ24 மாதிரித் தளத்தின் பாதுகாப்பான பணம் கட்டும் முறையில் வாங்கினால், பணம் நடுவில் நிறுத்திவைக்கப்பட்டு, வாட்ச் நம் கைக்கு வந்து 14 நாள் கழித்துத்தான் விற்றவருக்குப் போகும். கதவு இருக்கிறது, தட்டினால் திறக்கவும் செய்யும். திருப்பி அனுப்பும் செலவும், இங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெறுகிற அலைச்சலும் நம் தலையில் விழும் என்பதுதான் குறை.

வரியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. வாட்ச் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு, இந்த மூன்றையும் கூட்டித்தான் சுங்கவரி போடுவார்கள். சுங்கவரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி, இவை எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடுகிற ஜிஎஸ்டி. விகிதங்களைப் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாற்றுகிறார்கள், அதனால் வாங்குகிற வாரத்தில் சுங்கத்துறையின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், போன வருடம் நண்பர் கட்டியதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நான் பாதுகாப்புக்காக விலையில் பாதியை வரிக்கு என்று ஒதுக்கிவைத்துவிடுகிறேன். பழைய பொருள்தானே, சலுகை இருக்காதா என்று கேட்பார்கள். சுங்கக் கணக்கில் தொல்பொருள் என்றால் நூறு வயது தாண்டியிருக்க வேண்டும், 1972 வாட்ச் அதற்குக் குழந்தை. கூரியர்காரர் ஆதார், பான் என்று கேட்பார், கொடுத்தால்தான் பெட்டி நகரும். கார்டில் வெளிநாட்டுப் பணம் கட்டும்போது வங்கி எடுக்கிற கட்டணம் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை வரும், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு.

சில விற்பனையாளர்கள் ‘பரிசு என்று எழுதி, 50 டாலர் என்று போட்டு அனுப்பட்டுமா’ என்று தாங்களாகவே கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டப்படி தப்பு என்பது ஒருபக்கம், வழியில் பெட்டி தொலைந்தால் காப்பீடும் அந்த 50 டாலருக்குத்தான். அதேபோல் ‘நண்பருக்கு அனுப்புகிற மாதிரி பேபாலில் அனுப்பிவிடுங்கள், கட்டணம் மிச்சம்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அந்த வகையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பே கிடையாது. பொருள் வாங்குவதாகக் காட்டிக் கட்டினால் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், அந்த வித்தியாசத்துக்குக் கட்டணம் கொடுப்பதில் தப்பே இல்லை.

இப்போது எனக்குப் பிடித்த வழி, அமெரிக்க வீட்டு இழுப்பறை. இபேயில் ‘அப்பாவுடைய வாட்ச், அவர் கடற்படையில் இருந்தார்’ என்கிற மாதிரி இரண்டு வரியோடு, மங்கலான நாலு படத்தோடு வருகிறவை. விற்பவர் வாட்ச் வியாபாரி இல்லை, அதனால் டயலை மாற்றியிருக்க அவருக்குக் காரணமும் இல்லை. கண்ணாடியில் கீறல், செயினில் ஐம்பது வருட அழுக்கு, வெளி வளையத்தில் சிவப்பு வெளுத்து ரோஜா நிறம். அதைப் பார்த்தால் எனக்கு மனம் லேசாகிறது. அப்பா கதையைச் சும்மா எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் அவர் இதற்குமுன் என்ன விற்றார் என்று பார்ப்பேன். துணி, புத்தகம், சமையல் பாத்திரம் என்று இருந்தால் நம்பலாம். இருபது ‘அப்பா வாட்ச்’ விற்றிருந்தால் தாண்டிப் போய்விடலாம். இங்கே கதவு, இபேயின் பணம் திரும்பத் தரும் உறுதி: விவரித்ததுபோல் பொருள் இல்லை என்றால் வந்து சேர்ந்த 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

இதிலேயே இரண்டு கிளை. நேரே சென்னைக்கு வரவழைப்பது ஒன்று, நியூ ஜெர்சியில் இருக்கிற அக்கா வீட்டுக்கு வரவழைப்பது மற்றொன்று. சென்னைக்கே வந்தால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. அக்கா வீட்டுக்குப் போனால் குறை கண்டால் மறுநாளே அங்கிருந்து திருப்பிவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வந்த முகவரியிலிருந்து வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டால் இபே உறுதி அதோடு போய்விடும். எனவே சோதனை முழுதும் அக்கா வீட்டிலேயே முடிய வேண்டும். அக்காவிடம் கேட்டேன். “டேய், எனக்கு வாட்சைப் பத்தி ஒண்ணும் தெரியாது, என்னத்தைப் பார்க்கணும்னு ஒழுங்கா எழுதி அனுப்பு” என்றாள். எழுதி அனுப்பியதைக் கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன், யாருக்கும் உதவும்.

மேல் பொத்தானை அழுத்து, நீள முள் உடனே, உதறாமல் கிளம்ப வேண்டும். முப்பது நிமிடம் ஓடவிடு, சின்ன வட்டத்து முள் நிமிடத்துக்கு ஒரு கோடு நகர வேண்டும். மறுபடி அழுத்தி நிறுத்து, கீழ்ப் பொத்தானை அழுத்து, நீள முள் சரியாக 12இல் வந்து நிற்க வேண்டும், ஒரு கோடு தள்ளி நின்றாலும் எனக்குச் சொல். சாவியை வெளியே இழுக்காமல் சும்மா சுற்று, உள்ளே மஞ்சள் வளையம் சுற்ற வேண்டும். சாவியைப் பாதி அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும், ஆனால் இரவு நேரத்தில் இதைச் செய்யாதே, பல்சக்கரம் போய்விடும். இந்த வாட்சுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, ஆட்டினால்தான் ஓடும், அதனால் ஓடவில்லை என்று பயப்படாதே, ஒரு நாள் முழுக்கக் கட்டிக்கொள்.

அக்கா பார்க்க முடியாததை வாங்குவதற்கு முன்னால் படத்திலேயே நான் பார்க்க வேண்டும். பின்மூடியில் 6139-6005 என்று இருக்கிறதா, அதோடு இருக்கிற வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. 2N என்று ஆரம்பித்தால் 1972 நவம்பர். டயலில் தண்ணீரைப் பற்றிய வரி அந்த வருடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப கால டயல்களில் ‘ப்ரூஃப்’ என்று இருக்கும், 1970 வாக்கில் அது ‘ரெசிஸ்ட்’ ஆனது, பின்னால் வந்தவற்றில் அந்த வரியே இல்லை. மூடி ஒரு காலம், டயல் வேறு காலம் என்றால் யாரோ இரண்டு வாட்சை ஒன்றாக்கியிருக்கிறார்கள். இருட்டில் ஒளிர்கிற பூச்சு டயலிலும் முள்ளிலும் ஒரே மாதிரி பழுத்திருக்க வேண்டும். முள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் முள் மாறியது.

அக்கா பொங்கலுக்கு வரும்போது வாட்சைக் கொண்டுவருவாள். கையில் கட்டிக்கொண்டு வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய தொகைக்குள் அடங்கினால் சரி, தாண்டினால் வரி கட்ட வேண்டியவர்கள் போகிற சிவப்பு வழியில் போய் ரசீதைக் காட்டி வரி கட்டச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். என் ஆசைக்காக அவள் விமான நிலையத்தில் வியர்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

அக்கா இல்லாதவர்கள் என்ன செய்வது என்றால், தயங்காமல் கடைக்காரரிடம் போங்கள். விலை அதிகம் என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டுப் பணம் சேர்த்து அங்கேயே வாங்குங்கள், ஜப்பான் ஏலம் இரண்டாவது வாட்சுக்கு இருக்கட்டும். நான் இழுப்பறை வழியில் போகிறேன். போன வாரம் ஒஹையோவில் ஒருவர் போட்டிருந்த வாட்சுக்கு, பின்மூடிப் படம் ஒன்று அனுப்ப முடியுமா, உள்ளே திறந்து காட்ட வேண்டாம், வெளிப்புறம் மட்டும் போதும் என்று எழுதினேன். சமையலறை மேசை மேல் வைத்து எடுத்த படம் வந்தது: 6139-6005, வரிசை எண் 3 என்று ஆரம்பிக்கிறது, மூடியின் ஓரத்தில் திறந்து மூடிய கீறல் ஒன்றுகூட இல்லை. நீள முள் 12க்கு ஒரு கோடு தள்ளி நிற்கிறது, அதை அவரே சொல்லிவிட்டார். சர்வீஸ் செலவைக் கழித்து ஒரு விலை கேட்டிருக்கிறேன், அக்கா வீட்டு முகவரியைப் போட்டு.